குரங்குக்கு அன்டிபொடி வந்தது. பிறகு?

"எச்.ஐ.வி தடுப்பூசியில் பெரும் திருப்பம்! குரங்குகளின் உடலில் அன்டிபொடி உருவானது." இந்த மாதிரி ஒரு தலைப்பு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை எங்கேயாவது வரும். உடனே குடும்ப வட்ஸ்அப் குழுக்களில் ஓடத் தொடங்கும். ஒரு சித்தி கைகூப்பும் படம் போட்டு "அப்பாடா, கண்டுபிடிச்சிட்டாங்கள்" என்பார். ஒரு மாமா "நாற்பது வருசமா இதைத்தான் சொல்லுறாங்கள், எல்லாம் காசு பிடுங்கிற வேலை" என்பார். இரண்டு பேருமே தலைப்புக்குக் கீழே இருந்ததை வாசிக்கவில்லை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலங்குக்கு அன்டிபொடி வந்துவிட்டது என்பதற்காக மனிதருக்குத் தடுப்பூசி வந்துவிட்டது என்று நம்பக் கூடாது. அதே நேரம், இந்த விலங்கு ஆய்வுகளை வீண் என்று தூக்கி எறியவும் கூடாது. அவை சாதகம் பார்க்கிற வேலை இல்லை, பிழை தேடுகிற வேலை. அந்த வித்தியாசம் விளங்கினால் சித்திக்கும் மாமாவுக்கும் நடுவில் நிற்க உங்களுக்கு ஓர் இடம் கிடைக்கும்.

நான் டொக்டர் இல்லை. எஞ்சினியரிங்கில் மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு, கம்பனிகளுக்கு மென்பொருள் முறைமைகளை அமைத்து, சோதித்து, ஓட வைக்கும் வேலை செய்கிறேன். சோதனையில் அழகாக ஓடியது நிஜப் பாவனைக்கு வந்த அன்றே படுத்துக்கொள்வது என் தொழிலில் வழமை. எச்.ஐ.வி தடுப்பூசியின் கதையை வாசிக்க வாசிக்க எனக்கு அந்த வழமைதான் தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்டிபொடி இருந்தால் போதுமா?

அன்டிபொடி என்பது எங்கள் உடலுக்குள் வந்த வெளிப் பொருளில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதம். அம்மா அப்பா ஊரில் படித்த விஞ்ஞானப் புத்தகத்தில் இதற்குப் பெயர் பிறபொருளெதிரி. நல்ல பெயர், ஆனால் அந்தப் பெயரே கொஞ்சம் ஏமாற்றும். எதிரி என்றால் சண்டை பிடித்து வெல்லும் என்றுதானே நினைப்போம்?

ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒருவருக்கு எச்.ஐ.வி தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் வழமையான பரிசோதனை எதைத் தேடுகிறது? முக்கியமாக அன்டிபொடியைத்தான். இப்போதைய பரிசோதனைகள் வைரஸின் ஒரு புரதத்தையும் சேர்த்துத் தேடும். ஆனாலும் அடிப்படை அதுதான். அதாவது, தொற்று உள்ளவரின் இரத்தத்தில் எச்.ஐ.விக்கு எதிரான அன்டிபொடி தாராளமாக இருக்கும். வைரஸும் அங்கேயே இருக்கும். மருந்து எடுக்காவிட்டால் அது பெருகிக்கொண்டே போகும்.

ஆகவே "அன்டிபொடி வந்தது" என்ற வசனம் தனியாக எதையும் நிரூபிப்பதில்லை. வைரஸின் ஏதோ ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும் அன்டிபொடி வேறு, அது எங்கள் கலத்துக்குள் நுழைவதையே தடுக்கும் அன்டிபொடி வேறு. பின்னதை நடுநிலையாக்கும் அன்டிபொடி என்பார்கள். அதிலும், ஒரே ஒரு வகை வைரஸை மட்டும் தடுப்பது ஒன்று, உலகம் முழுவதும் சுற்றும் பல வகைகளைத் தடுப்பது இன்னொன்று. தடுப்பூசிக்கு வேண்டியது கடைசியாகச் சொன்னது. ஆனால் விலங்குகளில் இலகுவாக வருவது முதலில் சொன்னது.

இந்த வைரஸ் ஏன் இவ்வளவு கஷ்டம்?

எச்.ஐ.வியின் மேற்பரப்பில் சின்னச் சின்ன முட்கள் இருக்கின்றன. அந்த முட்களால்தான் அது எங்கள் கலத்தைப் பிடித்து உள்ளே போகிறது. தடுக்க வேண்டுமென்றால் அந்த முள்ளில்தான் அன்டிபொடி போய் உட்கார வேண்டும். ஆனால் அந்த முள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. வைரஸ் எங்கள் கலத்துக்குள்ளேயே உற்பத்தியாவதால், அந்தச் சர்க்கரையும் எங்கள் கலமே போட்டுக் கொடுத்தது. எங்கள் நோயெதிர்ப்புத் தொகுதி அதைப் பார்த்து "இது எங்கட ஆள்தானே" என்று விட்டுவிடுகிறது.

இரண்டாவது சிக்கல், எச்.ஐ.வி தன்னைப் பிரதி எடுக்கும்போது கன பிழை விடும். அந்தப் பிழைகளால் அது ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே மனிதரின் உடலுக்குள்ளேயே எண்ணற்ற வித்தியாசமான வைரஸ்கள் இருக்கும். அன்டிபொடி ஒன்றைப் பிடிக்கப் பழகும் நேரத்தில் மற்றது உருமாறி ஓடிவிடும்.

1984 ஏப்ரலில் அமெரிக்க சுகாதார அமைச்சர் மார்கரெட் ஹெக்லர், எயிட்ஸ் நோய்க்குக் காரணமான வைரஸைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். இரண்டு வருடத்தில் ஒரு தடுப்பூசி சோதனைக்குத் தயாராகும் என்று நம்புவதாகவும் சொன்னார். அப்போது நான் பிறக்கவில்லை. இப்போது எனக்கு முப்பது தாண்டிவிட்டது. தடுப்பூசி இன்னும் வரவில்லை.

விலங்குகளை நம்பி ஏமாந்த மூன்று இடங்கள்

முதலாவது சிம்பன்சி. 1990இல் ஒரு ஆய்வு வந்தது. எச்.ஐ.வி முள்ளின் வெளிப்பகுதியான ஜிபி120 என்ற புரதத்தை ஒரு சில சிம்பன்சிகளுக்குத் தடுப்பூசியாகப் போட்டார்கள். பிறகு அவற்றின் உடலில் வைரஸைச் செலுத்தினார்கள். தொற்று வரவில்லை. எவ்வளவு நம்பிக்கை வந்திருக்கும்! அதே வழியில் வந்த தடுப்பூசியை வக்ஸ்ஜென் என்ற கம்பனி வட அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் 5,400 பேரளவிலும், பாங்கொக்கில் 2,500 பேரளவிலும் சோதித்தது. போட்டுக்கொண்ட கிட்டத்தட்ட எல்லோருக்கும் அன்டிபொடி வந்தது. 2003இல் முடிவு வந்தபோது பாதுகாப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ஏன்? சிம்பன்சிக்குச் செலுத்திய வைரஸும் தடுப்பூசி செய்யப் பயன்படுத்திய வைரஸும் ஒரே வகை. அதுவும் ஆய்வுகூடத்தில் நீண்ட காலம் வளர்ந்து, இலகுவில் பிடிபடும் வகை. வெளியே மனிதரிடையே சுற்றும் வைரஸ் அப்படி இல்லை. என் தொழிலில் சொல்வதென்றால், நிரலை எழுதினவரே பரீட்சைக் கேள்வியும் எழுதி, அதற்குத் தானே விடையும் எழுதினால் நூற்றுக்கு நூறு வரத்தானே செய்யும்?

இரண்டாவது கதை எனக்கு மிகவும் பிடித்தது. குரங்குகளைத் தாக்கும் எஸ்.ஐ.வி என்ற வைரஸ் இருக்கிறது, எச்.ஐ.வியின் உறவு. 1990 அளவில், கொன்ற எஸ்.ஐ.வி வைரஸைக் குரங்குகளுக்குத் தடுப்பூசியாகப் போட்டால் நல்ல பாதுகாப்புக் கிடைக்கிறது என்று அடுத்தடுத்து செய்திகள் வந்தன. 1991இல் இங்கிலாந்தில் ஸ்ரொட் என்ற விஞ்ஞானியின் குழு, யாரும் எதிர்பாராத ஒரு ஒப்பீட்டைச் செய்தது. சில குரங்குகளுக்கு வைரஸே இல்லாத வெறும் மனிதக் கலங்களைப் போட்டார்கள். அவற்றிலும் சில குரங்குகள் தப்பின!

என்ன நடந்தது என்றால், தடுப்பூசிக்கான வைரஸையும் பிறகு செலுத்திய வைரஸையும் மனிதக் கலங்களில்தான் வளர்த்திருந்தார்கள். வைரஸ் வெளியே வரும்போது மனிதக் கலத்தின் புரதங்களையும் தன் மேலுறையில் ஒட்டிக்கொண்டு வரும். குரங்குக்கு மனிதப் புரதம் வெளிப் பொருள். அதற்கு எதிராகத்தான் அன்டிபொடி வந்தது, வைரஸுக்கு எதிராக இல்லை. குரங்குக் கலத்தில் வளர்த்த வைரஸைச் செலுத்திப் பார்த்தபோது அந்தப் பாதுகாப்பு காணாமல் போனது. மனிதருக்கு அந்தத் தடுப்பூசி என்ன செய்யும்? எங்கள் உடலுக்கு மனிதப் புரதம் வெளிப் பொருளே இல்லையே.

பாருங்கள், அந்த அன்டிபொடி பொய் இல்லை. பாதுகாப்பும் பொய் இல்லை. காரணம்தான் வேறு. ஒரு சரியான ஒப்பீட்டுக் குழுவை வைத்துப் பார்த்திருக்காவிட்டால் இன்னும் எத்தனை வருடம் அந்தப் பாதையில் போயிருப்பார்களோ.

மூன்றாவது எங்கள் காலத்தில் நடந்தது. பல வகை எச்.ஐ.வியிலிருந்து துண்டுகளை எடுத்துக் கோத்த 'மொசெய்க்' தடுப்பூசி. 2018இல் லான்செட் சஞ்சிகையில் வந்த ஆய்வில் ரீசஸ் குரங்குகளில் 67 சதவீதம் பாதுகாப்புக் காட்டியது. அதே அறிக்கையில் மனிதருக்கும் நல்ல அன்டிபொடி வந்தது. அந்த நம்பிக்கையில் 'இம்பொகோடோ' என்ற பெயரில் ஆபிரிக்காவின் தெற்கே ஐந்து நாடுகளில் 2,600 இளம் பெண்கள் முன்வந்து ஊசி போட்டார்கள். 2021 ஓகஸ்டில் வந்த முடிவு 25 சதவீதம். தற்செயலாகவும் வரக்கூடிய அளவு. கொஞ்சம் மாற்றிய வடிவத்தை ஐரோப்பாவிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் சோதித்த 'மொசெய்க்கோ' ஆய்வும் 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது.

இந்த இடத்தில் அந்த மாமா "நான் சொன்னன் தானே" என்பார். அவருக்குத்தான் மிச்சக் கட்டுரை.

பிறகு ஏன் விலங்கு ஆய்வு வேண்டும்?

ஏனென்றால் எது ஏன் உடைந்தது என்று திறந்து பார்க்க அங்கேதான் முடிகிறது. மனிதரின் இரத்தத்தை எடுத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். வேண்டுமென்றே அவர் உடலில் எச்.ஐ.வியைச் செலுத்திப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது.

கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நடந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

வைரஸின் முள் மூன்று துண்டுகள் சேர்ந்த ஒரு பொருள். வெளியே எடுத்தால் பிரிந்து விழுந்துவிடும். அதைப் பிரியாமல் கட்டி வைக்கும் முறையைக் கண்டுபிடித்து, 'பிஜி505 சொசிப்' என்ற செயற்கை முள்ளைச் செய்தார்கள். 2015இல் அதை முயல்களுக்குப் போட்டபோது, கஷ்டமான வகையைச் சேர்ந்த ஒரு வைரஸையே தடுக்கும் அன்டிபொடி வந்தது. அது பெரிய விசயம். ஆனால் அந்த ஒரு வகையை மட்டும்தான் தடுத்தது. ஏன் என்று தோண்டிப் பார்த்தார்கள். அந்தக் குறிப்பிட்ட வைரஸின் சர்க்கரைப் போர்வையில் ஒரு ஓட்டை இருந்தது. மற்ற வகைகளில் பெரும்பாலும் சர்க்கரை இருக்கும் இடம், இதில் வெறுமையாக இருந்தது. முயல்களின் அன்டிபொடி நேரே அந்த ஓட்டைக்குள் போயிருந்தது. நோயெதிர்ப்புத் தொகுதியும் எங்களைப் போலத்தான், இலகுவான வழி இருந்தால் அதைத்தான் எடுக்கும். அந்த ஓட்டையை மூடிவிட்டு அடுத்த வடிவத்தைச் செய்யலாம் என்ற அறிவு முயல்களிடமிருந்து வந்தது.

அதே முள்ளைக் குரங்குகளுக்குப் போட்ட ஆய்வு 2019இல் வந்தது. எவ்வளவு அன்டிபொடி இருந்தால் போதும் என்ற கேள்விக்கு அங்கே ஒரு எண் கிடைத்தது. குரங்கின் இரத்தச் சீரத்தை ஏறக்குறைய 500 மடங்கு நீர்த்த பிறகும் அது ஆய்வுகூடத்தில் வைரஸில் பாதியைத் தடுத்தால், அந்தக் குரங்குக்குத் தொண்ணூறு சதவீதப் பாதுகாப்பு. அன்டிபொடி குறைவாக வந்த குரங்குகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இதுவும் அதே வகை வைரஸுக்கு எதிராக மட்டும்தான். ஆனாலும் "அன்டிபொடி வந்தது" என்பதற்கும் "இவ்வளவு வந்தால் இது நடக்கும்" என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

அடுத்தது மாடு. சும்மா சொல்லவில்லை. 2017இல் நேச்சர் சஞ்சிகையில் வந்தது. அதே செயற்கை முள்ளை நான்கு கன்றுகளுக்குப் போட்டார்கள். நான்குக்கும் பல வகை எச்.ஐ.வியைத் தடுக்கும் அன்டிபொடி வந்தது. ஒன்றின் சீரம் 42 நாளில் சோதித்த வகைகளில் 20 சதவீதத்தைத் தடுத்தது, 381 நாளில் 96 சதவீதத்தை. மனிதரில் தொற்று வந்தவர்களில் சிறு பகுதியினருக்குத்தான் இப்படிப் பரந்த அன்டிபொடி வரும், அதுவும் சில வருடங்கள் எடுக்கும். அந்த நேரத்துக்குள் அவர்கள் உடலில் உள்ள வைரஸ் அதைத் தாண்டி ஓடிவிடும்.

மாட்டுக்கு ஏன் இவ்வளவு இலகு? மாட்டின் சில அன்டிபொடிகளில் ஒரு நீண்ட கை போன்ற பகுதி இருக்கிறது. சர்க்கரைப் போர்வைக்குள் நுழைந்து அடியில் இருப்பதைத் தொட அந்த நீளம் உதவுகிறது. எங்கள் அன்டிபொடிகளில் அந்தப் பகுதி மிகவும் கட்டை. ஆகவே மாட்டுக்கு வந்தது அதே ஊசியால் மனிதருக்கு வரும் என்று சொல்ல முடியாது. யாராவது இதை வைத்து பால் குடிக்கச் சொல்லி ஒரு செய்தியைச் சுற்றவிட முன் சொல்லிவிடுகிறேன்: இதற்கும் பசுப்பாலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்த முள்ளில் தொடக்கூடிய இடம் இருக்கிறது, நல்ல அன்டிபொடி அதைத் தொடும் என்று மாடு காட்டியது.

கடைசியாக எலி. சாதாரண எலியின் மரபணுவில் மனிதருக்குரிய சில அன்டிபொடித் துண்டுகள் இல்லை. அதனால் மனித மரபணுத் துண்டைச் சேர்த்த எலிகளை உருவாக்கி, ஒரு புதிய யோசனையைச் சோதித்தார்கள். நல்ல அன்டிபொடியாக வளரக்கூடிய அரிதான கலத்தை முதல் ஊசியால் எழுப்ப வேண்டும், பிறகு அடுத்தடுத்த ஊசிகளால் அதைப் படிப்படியாகப் பழக்க வேண்டும். எலியில் அந்த முதற்படி சரிவந்தது. பிறகு மனிதரில் செய்தார்கள். 2022 டிசம்பரில் சயன்ஸ் சஞ்சிகையில் முடிவு வந்தது: ஊசி போட்ட 36 பேரில் 35 பேருக்கு அந்த அரிதான கலங்கள் எழும்பியிருந்தன.

இதுவும் தடுப்பூசி இல்லை. முதல் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தக் கலங்கள் இன்னும் வைரஸைத் தடுக்கப் படிக்கவில்லை. ஆனால் இந்த முறை விலங்கு ஆய்வு ஒரு முழுத் தடுப்பூசிக்கு உத்தரவாதம் தரவில்லை. ஒரு சின்னக் கேள்விக்கு விடை சொன்னது. அந்த விடை மனிதரிலும் நின்றது. என் தொழிலிலும் இப்படித்தான்: முழு முறைமையையும் ஒரே சோதனையில் "ஓகே" என்று சொல்லும் ஆளை நான் நம்ப மாட்டேன். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக உடைத்துப் பார்க்கிற ஆளை நம்புவேன்.

எதிர்த்துக் கேட்கக் கூடியவை

"அந்த விலங்குகள் பாவம் இல்லையா?" பாவம்தான். சைவச் சாப்பாட்டு வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் கன பேர் இதைக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அமெரிக்கா 2015இல் தன் அரசுச் சிம்பன்சிகளை ஆய்விலிருந்து ஓய்வுபெற வைக்க முடிவெடுத்தது. அது சரியான முடிவு. எச்.ஐ.வி செலுத்தப்பட்ட சிம்பன்சிகளுக்குப் பெரும்பாலும் எயிட்ஸ் நோய் வருவதும் இல்லை, ஆகவே அவற்றிடம் கற்றதும் குறைவு. என் அளவுகோல் இதுதான்: ஒரு விலங்கைப் பயன்படுத்தினால், வேறு வழியில் கிடைக்காத ஒரு விடை கிடைக்க வேண்டும். ஒழுங்கான ஒப்பீட்டுக் குழு இல்லாமல், தலைப்புச் செய்திக்காகச் செய்யும் ஆய்வுதான் உண்மையான வன்முறை. அந்தக் குரங்கு சும்மா செத்தது என்று அர்த்தம்.

"இப்போதுதான் நல்ல தடுப்பு மருந்து இருக்கிறதே?" இதுவும் நியாயமான கேள்வி. லெனகபவிர் என்ற ஊசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் தொற்று வராமல் காக்கிறது. 2024இல் ஆபிரிக்காவில் நடந்த ஆய்வில் அதைப் போட்ட 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. ஒன்றுமே இல்லை! அமெரிக்கா 2025 ஜூனில் அனுமதி கொடுத்தது. அங்கே அதன் பட்டியல் விலை வருடத்துக்கு 28,000 டொலருக்கு மேல். ஏழை நாடுகளுக்கு 2027இலிருந்து வருடத்துக்கு 40 டொலர் அளவில் கொடுக்க இந்தியக் கம்பனிகள் இணங்கியிருக்கின்றன. தேவைப்படுகிறவர்கள் தங்கள் டொக்டரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். தடுப்பூசி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

ஆனால் அது தடுப்பூசி இல்லை. உடலுக்கு எதையும் பழக்காது. நிறுத்தினால் பாதுகாப்பும் போய்விடும். அதோடு இன்னொன்று இருக்கிறது, எங்கள் சமூகத்தில் வளர்ந்தவர்களுக்கு உடனே விளங்கும். அந்த ஊசிக்கு நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை. குடும்ப டொக்டர் அப்பாவின் சிநேகிதராக இருப்பார். மருந்துக்கடையில் நிற்கிறவர் அம்மாவுக்குக் கோயிலில் பழக்கம். "உனக்கு ஏன் இது?" என்ற கேள்வியை யாரும் வாயால் கேட்க வேண்டியதே இல்லை, பார்வையே போதும். அந்தப் பார்வைக்குப் பயந்து கேட்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தடுப்பூசி அந்தக் கேள்வியையே இல்லாமல் செய்யும். இங்கே ஒன்ராறியோவில் ஏழாம் வகுப்பில் எச்.பி.வி தடுப்பூசியைப் பள்ளிக்கூடத்திலேயே போடுகிறார்கள். அதுவும் பாலுறவால் பரவும் வைரஸ்தான். ஆனால் யாரும் யாரையும் பார்த்து ஒன்றும் நினைப்பதில்லை, வகுப்பே வரிசையில் நிற்கிறது. எச்.ஐ.விக்கும் அப்படி ஒரு வரிசை வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. நான் இந்த ஆய்வுகளுக்கு ஆதரவு சொல்வதற்கு முதற்காரணம் இதுதான்.

இது எங்கள் கதையும்தான்

எச்.ஐ.வி எங்கேயோ இருக்கும் ஆட்களின் பிரச்சினை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் எச்.ஐ.வி இருக்கிறது என்று முதன்முதலில் கண்டுபிடித்தது சென்னையில். 1986இல் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவியும் அவரது ஆசிரியர் டொக்டர் சுனிதி சொலமனும் அதைச் செய்தார்கள். "எங்கட நாட்டில இதெல்லாம் வராது" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. மாதிரி எடுத்துப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. 2006இல் ஒரு எச்.ஐ.வி தடுப்பூசியின் முதற்கட்ட மனிதச் சோதனையும் சென்னையில் தொடங்கியது. அதற்குக் கை நீட்டியவர்கள் சாதாரணமான ஆட்கள்.

2024 முடிவில் உலகில் 40.8 மில்லியன் பேர் எச்.ஐ.வியோடு வாழ்ந்தார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் 1.3 மில்லியன் பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது. இந்த எண்கள் இருக்கும்போதுதான், 2025 மேயில், டியூக் பல்கலைக்கழகமும் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனமும் நடத்திய இரண்டு பெரிய எச்.ஐ.வி தடுப்பூசி ஆய்வுக் கூட்டமைப்புகளுக்கான நிதியைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனம் சொன்னது. முயலின் ஓட்டையையும் எலியின் முதற்படியையும் கண்டுபிடித்த வேலைகளில் நிறைய இப்படியான நிதியில் நடந்தவை. பாதி வழியில் நிறுத்தினால், பிழைகளைக் கண்டுபிடித்த செலவு முழுவதையும் கட்டிவிட்டு, திருத்துகிற நேரத்தில் கடையை மூடுவது போல. என் தொழிலில் அப்படி ஒரு முடிவெடுத்தால் அதைச் சிக்கனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

விஞ்ஞானிகள் பக்கமும் பிழை இருக்கிறது. விலங்கில் வந்த சின்ன முடிவுக்குப் பெரிய ஊடக அறிக்கை விட்டால், அடுத்த முறை உண்மையாகவே பெரிய முடிவு வரும்போது சனங்கள் நம்ப மாட்டார்கள். மாமா பிறவியிலேயே நம்பிக்கை இல்லாத ஆள் இல்லை. நாற்பது வருடத் தலைப்புகள் அவரை அப்படி ஆக்கின.

அடுத்த தலைப்பு வரும்போது

வரும், கட்டாயம் வரும். அப்போது இந்த ஐந்து கேள்வியையும் கேளுங்கள்.

ஒன்று, எந்த விலங்கு? எலியா, முயலா, குரங்கா, மாடா? அந்த விலங்கின் அன்டிபொடி எங்களுடையது போன்றதா?

இரண்டு, அந்த அன்டிபொடி வெறுமனே ஒட்டுகிறதா, வைரஸைத் தடுக்கிறதா?

மூன்று, தடுப்பூசி செய்த அதே வகை வைரஸை மட்டும் தடுக்கிறதா, வேறு வகைகளையுமா? எத்தனை வகைகளில் சோதித்தார்கள்?

நான்கு, எவ்வளவு அன்டிபொடி, எவ்வளவு காலம் நிற்கிறது? விலங்குக்கு உண்மையாகவே வைரஸைச் செலுத்திப் பார்த்தார்களா?

ஐந்து, ஒப்பீட்டுக்கு எந்த விலங்குகளை வைத்தார்கள்? அவற்றுக்கு என்ன போட்டார்கள்? ஸ்ரொட்டின் குரங்குகளை மறக்காதீர்கள்.

இதில் இரண்டு மூன்றுக்காவது செய்தியில் விடை இருந்தால் ஆறுதலாக இருந்து வாசியுங்கள், நல்ல வேலை நடந்திருக்கிறது. ஒன்றுக்கும் விடை இல்லையென்றால் முன்னுக்கு அனுப்பாமல் விடுங்கள். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிற தம்பி தங்கைகள் இருந்தால், மூல ஆய்வைத் தேடி எடுத்து, விளங்கியதைத் தமிழில் நாலு வரி எழுதி குடும்பக் குழுவில் போடுங்கள். சித்திக்கும் மாமாவுக்கும் அதைத் தமிழில் சொல்ல உங்களை விட்டால் அந்தக் குழுவில் வேறு ஆள் இருக்காது.